மணியோசை முன்னே: வலையொலிக்கு ஒரு முன்னோட்டம்

'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. பெரியதொன்று வருமுன் அதன் வரவை அறிவிக்கும் சிறியதொன்று வந்துவிடுகிறது. திருவிழாவுக்கு முன் கொடியேற்றம் வருகிறது. டூரிங் கொட்டகையில் புதுப்படம் என்றால், மாட்டு வண்டியில் தட்டி கட்டி, மேளம் கொட்டி, தெருத்தெருவாக நோட்டீசு வீசிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. இன்று நம்மில் பலர் விரும்பிக் கேட்பதும், சிலர் தாமே தொடங்க விழைவதுமான வலையொலிக்கும் அத்தகைய மணியோசை உண்டு. அதன் பெயர் முன்னோட்டம். அதை அமைக்கும் முறையையும், அமைக்கும்போது காக்க வேண்டிய நெறியையும் இக்கட்டுரையில் காண்போம்.

வலையொலி பிறந்த கதை

வானொலி தனக்குரிய நேரத்தில் ஒலிக்கிறது. நாம் அந்நேரத்தில் அதனருகே இருக்க வேண்டும். பாட்காஸ்ட் என்று ஆங்கிலத்தில் வழங்கும் வலையொலியோ நமக்காகக் காத்திருக்கிறது. ஒரு நிகழ்ச்சியை ஒரு முறை பின்தொடர்ந்துவிட்டால், அதன் புதிய பகுதி வெளியானதும் நம் கைப்பேசிக்குத் தானே வந்து சேரும். இதற்கு அடிப்படையாக இருப்பது 'ஓடை' எனப்படும் இணையப் பட்டியலாகும். 2000ஆம் ஆண்டின் இறுதியில் டேவ் வைனர் என்னும் அமெரிக்கர் இவ்வோடையில் ஒலிப்பதிவுகளையும் இணைத்து அனுப்ப வழி செய்தார்.

2004 பிப்ரவரியில், இங்கிலாந்தின் 'கார்டியன்' நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையொன்றில் 'பாட்காஸ்டிங்' என்ற சொல் தோன்றியது. ஐபாட் என்ற கருவியின் பெயரையும், ஒலிபரப்பைக் குறிக்கும் பிராட்காஸ்ட் என்ற சொல்லையும் ஒட்டவைத்துச் செய்த சொல் அது. 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் வலையொலிகளுக்கு இடமளித்தது. அதே ஆண்டில் நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதியினர் இதனை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தனர்.

முன்னோட்டம் என்பது யாது?

முன்னோட்டத்தை ஆங்கிலத்தில் டிரெய்லர் என்பர். பின்னால் இழுபட்டு வருவது என்பது அச்சொல்லின் பொருள். முன்னே வருவதற்குப் பின்னே வருவதன் பெயரா என்று வியப்புறலாம். தொடக்கக் காலத் திரையரங்குகளில் இத்துண்டுப் படங்கள் முதன்மைப் படம் முடிந்த பின்னரே காட்டப்பட்டன. 1913இல் நியூயார்க்கில் நில்ஸ் கிரான்லண்ட் என்பவர், 'தி பிளெஷர் சீக்கர்ஸ்' என்ற இசை நாடகத்தை விளம்பரப்படுத்தத் தம் திரையரங்குகளுக்கென ஒரு சிறு படம் தயாரித்தார். படம் முடிந்ததும் மக்கள் எழுந்து போய்விடுவதால், பின்னாளில் இவை படத்திற்கு முன்னே வந்தன. இடம் மாறியது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வலையொலியின் முன்னோட்டம் ஒன்று முதல் இரண்டு நிமிடம் நீளும் சிறு ஒலிப்பதிவு. முதற்பகுதி வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்பே வெளியிடப்படுவது. 2017ஆம் ஆண்டு முதல் ஆப்பிள் நிறுவனத்தின் ஓடை முறையில் ஒவ்வொரு பதிவையும் முழுப்பகுதி, முன்னோட்டம், கூடுதல் பகுதி என மூவகையாகக் குறிக்க இயலும். முன்னோட்டம் என்று குறித்துவிட்டால், புதிதாக வரும் நேயர் கண்ணில் அது தனியே படும்.

ஏன் வேண்டும்?

முன்னோட்டத்தால் விளையும் பயன்கள் மூன்று. முதலாவது, நேயருக்கு. முன்பின் அறியாத நிகழ்ச்சிக்கு அரைமணி நேரம் ஒதுக்கப் பலரும் தயங்குவர். ஒரே கைப்பேசியை வீட்டில் நால்வர் பகிர்ந்துகொள்ளும் இல்லங்கள் இன்றும் உண்டு. அங்கே ஒன்றரை நிமிடம் கேட்பது எளிது. பேச்சுக்குப் போதுமான தரத்தில் சேமித்தால் அக்கோப்பு ஒரு மெகாபைட்டுக்கும் குறைவாகவே இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் எளிது.

இரண்டாவது, வெளியீட்டுக்கு. நிகழ்ச்சியை அட்டவணைகளில் சேர்க்க ஏதேனும் ஒரு பதிவு ஓடையில் இருக்க வேண்டும். சரிபார்த்து ஏற்கச் சில நாட்களும் ஆகலாம். முன்னோட்டத்தை ஒன்றிரண்டு வாரம் முன்னதாக ஏற்றிவிட்டால், முதற்பகுதி வெளிவரும் நாளில் கதவு திறந்திருக்கும்.

மூன்றாவது, நமக்கு. 'இந்நிகழ்ச்சி எதைப் பற்றியது?' என்ற வினாவுக்கு இரண்டு வாக்கியத்தில் விடை சொல்ல முடியாவிட்டால், நம் எண்ணம் இன்னும் தெளியவில்லை என்பது பொருள். முன்னோட்டம் எழுத உட்கார்ந்தவுடன் அது வெளிப்பட்டுவிடும்.

புதிய நிகழ்ச்சிக்கு நேயரைக் கூட்டுவதில் 'சீரியல்' என்ற அமெரிக்க வலையொலி ஒரு பாடமாகும். 2014 அக்டோபரில் அது தொடங்கியபோது, அதன் முதற்பகுதி 1995 முதல் நடந்துவரும் 'திஸ் அமெரிக்கன் லைஃப்' என்ற வானொலி நிகழ்ச்சியிலும் ஒலித்தது. பழைய நிகழ்ச்சியின் நேயர்கள் புதியதன் வாசலுக்கு அழைத்து வரப்பட்டனர். நம் பள்ளியளவில் எண்ணினால், காலை வழிபாட்டுக் கூட்டத்தின் ஒலிபெருக்கியே அத்தகைய வாசலாகக் கூடும்.

எழுதும் முறை

ஓர் எடுத்துக்காட்டுடன் காண்போம். தூத்துக்குடிப் பகுதிப் பள்ளி ஒன்றின் மாணவியர், தம் ஊர் உப்பளத் தொழிலாளரின் வாழ்வைப் பற்றி 'உப்பின் குரல்' என்ற வலையொலி தொடங்க எண்ணுகின்றனர் என்று கொள்வோம். பலரும் முதலில் எழுதுவது இவ்வாறு இருக்கும்:

'அனைவருக்கும் எங்கள் பணிவான வணக்கம். நாங்கள் பதினொன்றாம் வகுப்பு மாணவிகள். எங்களுக்கு இவ்வாய்ப்பை நல்கிய தலைமையாசிரியை அவர்களுக்கும், வழிகாட்டிய ஆசிரியைகளுக்கும், ஊக்கமளித்த பெற்றோருக்கும்...'

நன்றி நவிலல் நற்பண்பே. ஆயினும் நன்றி முடியுமுன் நேயர் எழுந்து போயிருப்பார்! நன்றியை நிகழ்ச்சியின் இறுதிக்கு வைத்துக்கொண்டு, முன்னோட்டத்தை இவ்வாறு அமைக்கலாம்:

(பாத்தியில் உப்பு வாரும் ஓசை, ஐந்து நொடி.)

பெண் குரல்: 'மழை விழுந்தா ஊருக்கெல்லாம் சந்தோசம். எங்க வீட்டுல அடுப்பு அணைஞ்சிரும்.'

அறிவிப்பாளர்: 'நாம் சோற்றில் இடும் உப்பு யார் கையால் வருகிறது? மழை பெய்து வேலை நின்ற நாட்களில் அந்தக் கைகள் என்ன செய்கின்றன? உப்பளத்துக்குப் பக்கத்துத் தெருவிலேயே வளர்ந்த நாங்கள் இதைக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கப் போகிறோம். உப்பின் குரல். ஆறு வாரம், ஆறு மனிதர்கள், வாரம் பதினைந்தே நிமிடம். ஜனவரி முதல் சனிக்கிழமை தொடங்குகிறோம். இப்போதே பின்தொடருங்கள்.'

இதில் அடங்கியிருப்பவை ஐந்து. நிகழ்ச்சியிலிருந்தே எடுத்த உண்மைக் குரல் ஒன்று. நேயர் மனத்தில் எழ வேண்டிய வினா. சொல்பவர் யார், அவருக்கு இதில் என்ன உறவு என்பது. நிகழ்ச்சியின் பெயர், நீளம், வெளிவரும் நாள். நேயர் செய்ய வேண்டிய செயல் ஒன்று. 'பின்தொடருங்கள், பகிருங்கள், கருத்தெழுதுங்கள்' என்று பலவற்றைக் கேட்டால் ஒன்றும் நடவாது.

நிதானமாக வாசித்தால் நிமிடத்திற்கு ஏறக்குறைய 100 தமிழ்ச் சொற்கள் செல்லும். எனவே எழுத்துப்படி 150 சொற்களுக்குள் நிற்பது நலம். எழுதியதைத் தோழி ஒருத்திக்கு வாசித்துக் காட்டி, 'இது எதைப் பற்றிய நிகழ்ச்சி?' என்று கேட்க வேண்டும். அவள் தயங்கினால் திருத்தி எழுத வேண்டியதுதான்.

பதிவு செய்யும் முறை

விலையுயர்ந்த கருவி தேவையில்லை; கைப்பேசியே போதும். அமைதியான இடமே இன்றியமையாதது. வெறுஞ்சுவருள்ள வகுப்பறையில் குரல் எதிரொலிக்கும். துணிகள் அடுக்கிய அலமாரியின் முன்னோ, மெத்தையும் திரைச்சீலையும் உள்ள அறையிலோ பேசினால் எதிரொலி அடங்கும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். அழைப்பு வராதபடி கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைக்க வேண்டும். வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் வைத்துக்கொண்டால், 'ப' என்னும் எழுத்தை ஒலிக்கும்போது காற்று மோதும் ஓசை பதியாது. பேசி முடித்ததும் பத்து நொடி அவ்வறையின் அமைதியையும் பதிவு செய்து வைத்துக்கொள்க. வெட்டி ஒட்டும் இடங்களில் இட்டு நிரப்ப அது உதவும்.

தொகுப்பதற்கு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. ஒலியளவு முழுதும் ஒரே சீராக இருத்தல் வேண்டும். ஆப்பிள் நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு -16 எல்.கே.எஃப்.எஸ். ஆகும், மென்பொருளிலேயே இவ்வளவை அமைத்துக்கொள்ளலாம். முகப்புப் படம் சதுரமாக, பக்கத்திற்கு 1400 முதல் 3000 புள்ளிகள் வரை கொண்டிருக்க வேண்டும். கைப்பேசித் திரையில் அது தபால்தலை அளவே தெரியும் என்பதால், பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுக.

பின்னணி இசைக்குத் திரைப்படப் பாடலை எடுத்து ஒட்டுதல் கூடாது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டு வரை நீடிக்கிறது. நம்முள் வீணை மீட்டத் தெரிந்த மாணவி இல்லையா? அவளே இசைக்கட்டும். உப்பு வாரும் ஓசையைவிட அந்நிகழ்ச்சிக்குப் பொருத்தமான இசை வேறு எங்கே கிடைக்கும்?

இன்னொரு சிறு யோசனை. 'ஜனவரி முதல் சனிக்கிழமை தொடங்குகிறோம்' என்ற வாக்கியம் பிப்ரவரியில் பழையதாகிவிடும். ஆகவே முடிவுரையை இருவகையாகப் பதிவு செய்க: தேதியுடன் ஒன்று, 'ஒவ்வொரு சனிக்கிழமையும்' என்று ஒன்று. நிகழ்ச்சி தொடங்கியபின் இரண்டாவதை மாற்றி வைத்துவிடலாம்.

காக்க வேண்டிய நெறி

இதுவரை சொன்னவை கைத்திறனைப் பற்றியவை. இவற்றினும் மேலாக எண்ண வேண்டியது ஒன்று உண்டு. முன்னோட்டம் என்பது ஒரு வாக்கு. அது இருவருக்கு அளிக்கப்படுகிறது.

முதலில், கேட்பவருக்கு. ஆறு மனிதர்கள் என்று அறிவித்துவிட்டு இரண்டோடு நிறுத்தினால், அடுத்த முறை நம் மணியோசையை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். தேர்வுகள் வரும், விடுமுறை வரும், தோழியருக்குள் பிணக்கும் வரும். குறைந்தது மூன்று பகுதிகளையேனும் முழுமையாக முடித்து வைத்துக்கொண்டு, அதன்பின் முன்னோட்டம் வெளியிடுவதே முறை. அப்போதுதான் உள்ளதைச் சொல்லுவோம், ஆசைப்படுவதைச் சொல்லமாட்டோம்.

அடுத்து, குரல் தந்தவருக்கு. அந்த உப்பளத் தாய் ஒருமணி நேரம் மனம் விட்டுப் பேசியிருப்பார். கூலியைப் பற்றியும் மேற்பார்வையாளரைப் பற்றியும் சினந்து ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடும். முன்னோட்டம் தொகுப்பவரின் செவிக்கு அந்தச் சொல்லே சுவையாகத் தோன்றும். கேட்பவரை உடனே பிடித்திழுக்கும் என்பதும் மெய்தான். ஆனால் முழு நிகழ்ச்சியைக் கேட்பவர் சிலர்; முன்னோட்டம் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிப் போகும். முன்னும் பின்னும் நீங்கிய அந்த ஒற்றை வாக்கியம் மறுநாள் உப்பளத்தையே சென்றடையலாம். பெயரைச் சொல்லாவிட்டாலும் சிறிய ஊரில் குரலே பெயராகிவிடும். 'நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம்' என்ற ஒரு சொல்லில் அன்றாடக் கூலியாளரின் அடுப்பு அணைந்துவிடும். நமக்குக் கிடைக்கும் பாராட்டுக்கு அவர் விலை கொடுப்பது நீதியாகாது.

எனவே பேட்டிக்கு இசைந்தார் என்பதையே முன்னோட்டத்துக்கும் இசைவாகக் கொள்ளலாகாது. வெட்டியெடுத்த பகுதியை அவருக்குப் போட்டுக் காட்டி, 'அம்மா, இந்த வார்த்தையை எல்லாரும் கேட்பார்கள், வெளியிடலாமா?' என்று கேட்டறிய வேண்டும். அவர் தயங்கினால், எத்துணை அழகிய வாக்கியமாயினும் விட்டுவிட வேண்டும். அவர் மனமுவந்து தரும் வேறொரு வாக்கியம் நிச்சயம் இருக்கும்.

தோழியரே, நம் பாட்டிமார் நெஞ்சில் பூட்டிக் கிடக்கும் கதைகள் எத்தனை! நெசவு, மீன்பிடி, பீடி சுற்றல், பனைத்தொழில் என எத்தனை கைகளின் அனுபவம் கேட்பாரின்றிக் கிடக்கிறது! கைப்பேசி நம் கையில் இருக்கிறது. கேட்கும் காதும் நமக்கு உண்டு. மூன்று பகுதிகளை முடித்து வைப்போம். ஒன்றரை நிமிடத்தில் உண்மையைச் சொல்லுவோம். குரல் தந்தவரின் இசைவோடு மணியை ஒலிப்போம். மணியோசை கேட்டுத் தெருவில் கூடியோர் யானையைக் கண்டு மகிழ்ந்து திரும்பட்டும்.