சிறு டிஜிட்டல் காமிராவை மதிப்பிடுதல்

செம்பூரை அடுத்த மாஹுல் கழிமுகச் சேற்றுப் பரப்பில் குளிர்காலந்தோறும் பூநாரைகள் திரளுகின்றன. அந்தி ஒளியில் அவற்றைப் படமெடுக்க விரும்பும் களப்பணியாளர், காமிராப் பெட்டியின்மீது பெரிதாக அச்சிடப்படும் மெகாபிக்சல் எண்ணை மட்டும் நம்புதல் தகாது. ஒளியை ஏற்கும் உணரியின் பரப்பே முதன்மையானது. 2012-இல் வெளிவந்த சோனி ஆர்எக்ஸ்100 காமிராவில் அது 13.2 × 8.8 மில்லிமீட்டர், சட்டைப்பையில் அடங்கும் சாதாரணக் காமிராக்களின் உணரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆதலால் மங்கிய ஒளியிலும் படம் தெளிவாக அமைகிறது.

எனினும் அதன் ஜூம் 3.6 மடங்கே. டிஜிட்டல் ஜூமோ, படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெருக்குவதேயன்றி வேறன்று. விவரம் சிறிதும் கூடாது. பறவைக் கூட்டத்தின் பரவலைப் பதிவுசெய்ய இக்கருவி போதும். தொலைவில் நிற்கும் பறவையின் கால்வளையத்திலுள்ள எழுத்தைப் படிக்க வேண்டுமாயின் நீண்ட லென்சுடைய கருவியே தேவை.