வீட்டைப் பிரிக்குமுன் நீரைப் பிரித்தல்

கொழும்பிலே வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி முதலிய பகுதிகளில், ஒரு குடும்பம் வாழ்வதற்கென முன்னாளிற் கட்டப்பட்ட மாடிவீடுகள் சில இன்று இரண்டு மூன்று குடித்தனங்களாகப் பிரிந்து நிற்கின்றன. பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுப்பதற்கோ, வாடகைக்கு விடுவதற்கோ வீட்டைப் பிரிப்பவர் முதலில் மேசனை அழைத்துச் சுவரை எழுப்புகின்றார். மின்சாரத்திற்குத் தனி மானி வைக்கின்றார். தண்ணீரைப் பற்றி மாத்திரம், "குழாய்தான் இருக்கின்றதே" என்று வாளாவிருந்துவிடுகின்றார். பிணக்குத் தொடங்குவது அந்தக் குழாயிலேதான்.

யாழ்ப்பாணத்து முதியோர் இவ்விடயத்தில் விழிப்பாயிருந்தனர். காணியைப் பங்கிடும்போது கிணற்றில் இன்னாருக்கு இவ்வளவு பங்கு, அதற்குச் செல்ல இன்ன வழி, நீரோட இன்ன வாய்க்கால் என்று உறுதியிலேயே எழுதுவித்தனர். குழாய்நீருக்கும் அத்தகைய முன்னேற்பாடு வேண்டும்.

கீழ்வீட்டிற் குழாயைத் திறந்தவுடன் மேல்வீட்டில் நீர் நூலாய் இளைப்பது ஏன்? தாங்கியிலுள்ள நீர்மட்டம் குழாய்வாய்க்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கின்றதோ, அவ்வளவே அழுத்தமும் இருக்கும். கூரைத் தாங்கியிலிருந்து கீழ்வீட்டுக் குழாய்க்கு 6 மீற்றர் இறக்கமிருந்தால், மேல்வீட்டுக் குளியலறைத் தூவிக்கு 2 மீற்றர்கூட இராது. இரண்டுக்கும் ஒரே குழாய் இறங்குமாயின், கீழே திறந்தவரே நீரைப் பெறுவர்.

குழாயின் பருமனையும் நோக்கவேண்டும். உள்விட்டம் 1 அங்குலமுள்ள குழாயை அரை அங்குலமாக்கினால் நீர் பாதியாகக் குறையும் என்றே பலர் எண்ணுவர். உண்மையில், அதே அழுத்தத்தில் ஐந்திலொரு பங்கினும் குறைவாகவே செல்லும். பழைய வீட்டு இரும்புக் குழாய்களோ உட்புறந் துருவேறி, மேலும் ஒடுங்கிப்போயிருக்கும். அவற்றிற் கிளைகளை ஒட்டிக்கொண்டு போவது வீண்செலவு. தாங்கியிலிருந்து ஒவ்வொரு வீட்டிற்கும் தனிக் குழாய் இறங்குவதும், அதன் தலைப்பில் தனி வால்வு இருப்பதுமே முறை. ஒரு வீட்டிற் பழுது பார்க்கும்போது மற்றவர்கள் சோப்பு நுரையோடு நிற்கவேண்டியதில்லை.

ஒரு பெருந் தாங்கியிலும் வீட்டுக்கொரு சிறு தாங்கி மேலானது. ஒருவர் குழாயை மூட மறந்தால் அவருடைய தாங்கியே வெறுமையாகும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் என வைத்துக்கொண்டால், நால்வருக்கு 480 லீற்றர். எனவே 500 லீற்றர்த் தாங்கி ஒருநாட் தேவைக்குப் போதும். ஆனால் மூன்று தாங்கிகளும் நிறைந்தால் நீரின் பாரம் மாத்திரம் ஒன்றரைத் தொன். அதனைக் கூரைத்தட்டின் நடுவில் ஏற்றலாகாது. கீழிருந்து எழும் பலமான சுவர்களின்மேல் அமைத்தல் வேண்டும். இதில் ஒரு பொறியியலாளரின் சொல்லைக் கேட்பது சிக்கனமே.

நீரை மேலேற்றும் பம்பியைத் தெருக்குழாயோடு நேரே பொருத்துவோர் உளர். அது பெருந்தவறு. பம்பி உறிஞ்சும்போது குழாயின் வெடிப்புகள் வழியே மண்ணின் அழுக்குநீரும் உள்ளே இழுபடும். அயலவரின் நீரும் குறையும். நிலமட்டத்தில் ஒரு தொட்டி கட்டி, அதில் தானாகச் சேர்ந்த நீரையே ஏற்றவேண்டும். பம்பியின் மின்சாரம் யாருடைய மானியில் ஓடும் என்பதையும் அன்றே தீர்த்துவிடுவது நன்று. சிறிய விடயந்தான், ஆயினும் உறவினரைப் பேசாதவராக்க அது போதும்.

இனி, கட்டணம். 1975 முதல் இயங்கிவரும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, வீட்டுப் பாவனை கூடக்கூட அலகொன்றின் விலையும் உயரும் முறையிலே கட்டணம் அறவிடுகின்றது. 1000 லீற்றர் ஓர் அலகாகும். மூன்று குடும்பங்கள் மாதம் 15 அலகு வீதம் அளவோடு பாவித்தாலும், ஒரே மானியில் 45 அலகு என்று பதியும். சிக்கனமாக இருந்தவரும் வீண்செலவாளியின் விலையையே கொடுக்க நேரும். ஆதலாற் பிரிவுக்கொரு தனி இணைப்புப் பெறுவதே சிறந்தது. அதற்கு வேண்டிய பத்திரங்களைச் சபையின் அலுவலகத்தில், சுவர் எழுமுன்னரே கேட்டறிதல் வேண்டும். அது இயலாதவிடத்து, பொதுமானிக்கு அப்பால் ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் ஒரு சிறுமானி பூட்டி, அவரவர் அலகுக்கேற்ப மொத்தத் தொகையைப் பங்கிடலாம். ஆட்தொகையைக் கொண்டு பங்கிடுவது விருந்தினர் வந்த மாதத்திலே குழம்பிவிடும்.

எல்லாம் பொருத்திய பின், சுவருக்குச் சாந்து பூசுமுன், குழாய்வாய்களையெல்லாம் அடைத்து, நீரை நிரப்பி ஓர் இரவு விட்டுவைக்கவேண்டும். மறுநாட் காலையில் மூட்டுகளைக் கையாற் தடவிப் பார்த்து, ஈரமில்லையென்று கண்ட பின்னரே மேசன் சாந்தைக் குழைக்கலாம்.