உலோகமா, யூனிட்டா? மேட்டூர் போட்ட கணக்கு

காஞ்சிபுரம் பட்டின் ஜரிகையில் தங்கம் ஏறுவது மின்சாரத்தால்தான். பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, தங்க உப்புக் கரைசல் உள்ள தொட்டியில் இறக்கி மின்னோட்டம் பாய்ச்சினால் மெல்லிய மஞ்சள் படியும். எவ்வளவு மின்சாரம் ஓடினால் எவ்வளவு உலோகம் படியும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1830களிலேயே விதியாக எழுதிவிட்டார். அவர் விதிப்படி ஒரு கிராம் தங்கத்துக்குச் சுமார் 490 கூலும் மின்னூட்டம் போதும். அலுமினியத்துக்கு அதே கணக்கைப் போட்டால் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 10,700 கூலும் வருகிறது. 22 மடங்கு! தங்க அணு கனமானது, முலாம் தொட்டியில் ஓர் எலெக்ட்ரானோடு திருப்தியடைந்துவிடும். அலுமினிய அணுவின் எடை அதில் ஏழில் ஒரு பங்குதான், ஆனால் மூன்று எலெக்ட்ரான் கேட்கும்.

ஏனாத்தூரில் பல்கலைக்கழகத்தை ஒட்டி மாணவர்களுக்குச் சோறு போடும் மெஸ்களில் அலுமினிய அன்னக்கூடை இருக்கும். அது மூன்று கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த உலோகத்தைப் பிரித்தெடுக்க, கிலோவுக்கு 15 யூனிட் வீதம், 45 யூனிட் செலவாகியிருக்கும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டையும் கொட்டினால்கூட ஏழு கிலோவைத் தாண்டாது. அதனால்தான் எந்த நாட்டிலும் அலுமினிய ஆலை கட்ட இடம் தேடுபவர்கள் தாதுவைவிட மின்சாரத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நம் மாநிலத்திலும் அப்படி ஓர் ஆலை இருந்தது. மேட்டூரில், ஊரார் மால்கோ என்று சொன்ன மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி.

அதன் கதைக்குப் போகும் முன் அலுமினியம் பிரியும் தொட்டியைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். அலுமினிய உப்பைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் உலோகம் வராது. ஹைட்ரஜன் முந்திக்கொண்டு வெளியேறிவிடும். தண்ணீர் இல்லாமல், அலுமினியத்தின் ஆக்சைடான அலுமினாவை நேரடியாக உருக்கலாம் என்றால் 2,000 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எரூவும், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். கிரையோலைட் என்ற ஃப்ளோரின் கனிமத்தை உருக்கி அதில் அலுமினாவைக் கரைத்தால் 950, 960 டிகிரியிலேயே வேலை முடிகிறது. இருவரும் பிறந்தது 1863இல், இறந்தது 1914இல். அறிவியல் வரலாற்றில் இப்படியும் ஒரு ஜோடி.

அந்த முறைதான் இன்றுவரை. ஒரு தொட்டிக்கு நாலு வோல்ட்டும் கொஞ்சமும் போதும். டார்ச் லைட்டில் மூன்று பேட்டரி செல்லைப் போட்டால் வரும் அளவு. ஆனால் ஓடும் ஆம்பியரோ பல்லாயிரம், புதிய ஆலைகளில் லட்சங்கள். நூற்றுக்கணக்கான தொட்டிகளை வரிசையாகக் கோத்து ஒரே மின்னோட்டத்தை எல்லாவற்றிலும் ஓடவிடுவார்கள். அந்தக் கூடத்துக்குள் காந்தப்புலம் கடுமையாக இருக்கும்; முள் வைத்த கைக்கடிகாரம் நின்றுவிடும், இரும்புச் சாமான் இழுபடும். தொட்டியின் மேலே உறைந்த ஓடு கட்டியிருக்கும். அதை உடைத்து அலுமினாவைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். போடுவது தாமதமானால் நாலு வோல்ட் திடீரென்று முப்பதுக்கும் மேலே எகிறும். பழைய ஆலைகளில் தொட்டிக்குத் தொட்டி ஒரு எச்சரிக்கை விளக்கு உண்டு. அது எரிந்ததும் தொழிலாளி பச்சை மரக் கழி ஒன்றை உருகிய குழம்புக்குள் குத்துவார். கழியின் ஈரம் கொதித்துக் குமிழியிட, குழம்பு கலங்கி மின்னழுத்தம் அடங்கும். இவ்வளவு பெரிய மின்வேதித் தொழிலில் ஒரு பச்சைக் கழிக்கு இருந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். அந்தச் சில நிமிடங்களில் கிளம்பும் கார்பன் டெட்ராஃப்ளோரைடு மட்டும் விளையாட்டல்ல. காற்றில் கலந்தால் சுமார் 50 ஆயிரம் ஆண்டுகள் அழியாமல் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

தொட்டிக்கு ஓய்வு கிடையாது. மின்சாரம் நாலைந்து மணி நேரம் நின்றால் குழம்பு உறைந்துவிடும். ஆஸ்திரேலியாவின் போர்ட்லாண்ட் ஆலையில் 2016 டிசம்பரில் அப்படித்தான் ஆனது. உறைந்த தொட்டிகளை மீட்டெடுக்க மாதக்கணக்கானது.

இனி மேட்டூர். 1934இல் அணை முடிந்தது, 1937இல் அதன் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் அலுமினியத் தாதுவான பாக்சைட் இருந்தது. ஆற்றுத் தண்ணீரும் பக்கத்திலேயே. கேரளத்தின் ஆலுவாவில் பள்ளிவாசல் நீர்மின்சாரத்தை நம்பி 1943இலேயே அலுமினியம் உருக்கிக் காட்டியிருந்தார்கள். இத்தாலியக் கூட்டுறவோடு 1960இல் தொடங்கப்பட்ட மால்கோ 1965இல் உற்பத்தியில் இறங்கியது. மலையிலிருந்து தாது, அதே வளாகத்தில் அலுமினா, பக்கத்துக் கூடத்தில் உலோகம் என்று காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லாத ஏற்பாடு.

குறை அணையில் இருந்தது. மேட்டூர் அணை மின்சாரத்துக்காகக் கட்டியதல்ல. டெல்டாவின் நெல்லுக்காகக் கட்டியது. பாசனத்துக்குத் திறந்தால் டர்பைன் ஓடும், மூடினால் ஓடாது. ஜூன் 12ஆம் தேதி திறப்பார்களா என்று தஞ்சாவூர்க்காரர் அண்ணாந்து பார்ப்பதுபோல உருக்காலை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மாநில மின்தொகுப்பின் கட்டணத்தையும் மின்வெட்டையும் நம்பித்தான் அது ஓட வேண்டியிருந்தது. உற்பத்திச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மின்சாரமே விழுங்கும் தொழிலில் கட்டணம் ஏற ஏற ஆலை நலிந்தது. 1995இல் ஸ்டெர்லைட் குழுமம் அதை வாங்கியது. 1999இல் ஆலைக்கென்றே நிலக்கரியில் ஓடும் 75 மெகாவாட் அனல்மின் நிலையம் வந்தது.

ஏன் 75 மெகாவாட்? விடை கணக்கில் இருக்கிறது. ஆலையின் திறன் ஆண்டுக்குச் சுமார் 40 ஆயிரம் டன், அதாவது மணிக்கு நாலரை டன். கிலோவுக்கு 15, 16 யூனிட் என்றால் மணிக்கு 70 ஆயிரம் யூனிட்டைச் சுற்றி வரும். ஏறக்குறைய அந்த நிலையம் தரக்கூடியது அவ்வளவுதான். பகல், இரவு, தீபாவளி, பொங்கல் என்று பாராமல் ஒரே சீராக மின்சாரம் கேட்கும் தொட்டிக்கும், ஒரே சீராக எரிந்தால்தான் லாபமான கொதிகலனுக்கும் பொருத்தம் பிரமாதம்.

விலை வேறு வகையில் வந்தது. நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ எரிய வேண்டும். அப்படியானால் ஒரு கிலோ அலுமினியத்துக்குப் பத்து கிலோ நிலக்கரி. அதில் மூன்றிலொரு பங்குக்குமேல் சாம்பல். உலோகத்தைவிட மூன்று மடங்கு எடைக்குச் சாம்பல் குவிகிறது. பாக்சைட்டைக் கழுவிய சிவப்புச் சேறு தனி. கரியமில வாயு மின் நிலையத்திலிருந்து மட்டும் கிலோவுக்கு 14 கிலோ அளவில் போகும். தொட்டியில் கரி முனை எரிந்து வருவதோ இரண்டு கிலோவுக்கும் குறைவு. ஆக, அலுமினியத்தின் புகையில் பெரும்பங்கு உருக்காலையின் புகையே அல்ல.

2008இல் கணக்கு தலைகீழானது. ஜூலையில் லண்டன் உலோகச் சந்தையில் டன்னுக்கு 3,300 டாலரைத் தொட்ட அலுமினியம், உலகப் பொருளாதாரம் சரிந்ததில் ஆண்டு முடிவதற்குள் 1,500க்குக் கீழே போனது. நம் பணத்தில் கிலோ சுமார் 70 ரூபாய். அதே ஆண்டு தமிழ்நாட்டில் மின்வெட்டு. ஒரு யூனிட்டை ஐந்து ரூபாய்க்கு விற்க முடிந்தால், ஒரு கிலோ உலோகத்துக்குள் போகும் 15 யூனிட்டின் விலையே 75 ரூபாய். அலுமினா, கரி, சம்பளம் எதுவும் இல்லாமலே உலோகத்தைவிட மின்சாரம் முந்திவிட்டது. 2008 நவம்பரில் மால்கோ உருக்குவதை நிறுத்தியது. தொட்டிகள் அணைந்தன, கொதிகலன் அணையவில்லை. ஆலைக்காகக் கட்டிய மின் நிலையம் பின்னர் 100 மெகாவாட்டுக்கு மேல் விரிந்து, மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்கத் தொடங்கியது. லாபக் கணக்காகப் பார்த்தால் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தொட்டி வேலையைத் தவிர வேறு கைத்தொழில் தெரியாதவரின் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறாது, அவ்வளவுதான்.

இந்த வாழ்வும் நீளவில்லை. 2017இல் தென்னிந்தியாவில் அந்த மின்சாரத்துக்குத் தேவை குறைந்து நிலையம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆலை போனபின் நிலையம் தனியே நிலைக்காதது மேட்டூரில் மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவின் ஆங்கிள்சியில் ஆல்கோவா நிறுவனத்தின் பழுப்பு நிலக்கரி நிலையம், பாயின்ட் ஹென்றி உருக்காலைக்காகவே 1969 முதல் எரிந்துகொண்டிருந்தது. 2014இல் ஆலை மூடியதும் நிலையத்தை விற்கப் பார்த்தார்கள், வாங்க ஆளில்லை; மறு ஆண்டு அதையும் மூடினார்கள்.

இன்று இந்திய அலுமினியத்தின் பெரும்பகுதி நிலக்கரி வயல்களின் வாசலில் பிறக்கிறது: ஒடிசாவில் நால்கோவின் அங்குல், வேதாந்தாவின் ஜார்சுகுடா, சத்தீஸ்கரில் பால்கோவின் கோர்பா. அணையைத் தேடிப் போன தொழில் சுரங்கத்தைத் தேடி இடம் மாறிவிட்டது. புதிய உலோகம் வேண்டாம் என்றால் காயலான் கடைதான் சிறந்த சுரங்கம். பழைய பாத்திரத்தை மறுபடி உருக்க, தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கே ஆகும். எலெக்ட்ரான் கடன் முன்பே அடைந்துவிட்டதே.

ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரியிலிருந்து இறக்குமதி அலுமினியத்தின் கரிமத்துக்குக் கட்டணம் கேட்கிறது. இப்போதைய விதியில் அலுமினியத்துக்கு நேரடி உமிழ்வு மட்டுமே கணக்கு. தொட்டியிலிருந்து வரும் இரண்டு கிலோவுக்குக் கட்டணம் உண்டு. அடுத்த வேலிக்குள் நிற்கும் புகைபோக்கியின் 14 கிலோவுக்கு இன்னும் இல்லை.