கூரைக்குக் கீழே ஒரு சாண்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் கொடியேறுகிற ஆனி மாதத்தில், வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்த தீவக வீடுகள் ஒவ்வொன்றாகத் திறபடும். ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்தவர்கள் புங்குடுதீவிலும் வேலணையிலும் கதவைத் தள்ளியதும் முதலில் முகத்தில் அடிப்பது வெக்கைதான். வௌவால் எச்சத்தின் வாசம் அதற்குப் பிறகு.

மேசனைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்: "அண்ணை, கனடாவில எங்கட வீட்டுச் சுவருக்குள்ள பஞ்சு வைச்சு அடைச்சிருக்கு. இஞ்சயும் அப்பிடிச் செய்யேலாதோ?"

செய்யலாம். காசு போகும், வெக்கை போகாது. கனடாவின் மாசி மாதத்தில் உள்ளே 20 பாகை, வெளியே உறைநிலைக்கும் கீழே 20. அந்த 40 பாகை வித்தியாசம் நாலு சுவராலும் சூட்டை உறிஞ்சி வெளியேற்றும், அதனால்தான் பஞ்சு. தீவகத்தில் உள்ளும் புறமும் காற்றின் வெப்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இங்கே எதிரி தலைக்கு மேலே இருக்கிறான். வட அகலாங்கு ஒன்பதரைப் பாகையில் கிடக்கும் இந்தத் தீவுகளுக்கு, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒருமுறையும் ஓகஸ்ட் கடைசியில் ஒருமுறையும் சூரியன் நேர் உச்சியில் வருகிறது. தெளிந்த மத்தியானத்தில் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1000 வாற். 60 சதுர மீற்றர் கூரை என்றால் 60 மின்னழுத்திகளைச் சூடாக்கி முகட்டில் கவிழ்த்து வைத்த கணக்கு. சுவரில் விழுவது அந்நேரம் சொற்பம்.

காய்ந்த தகரம் காற்றைச் சூடாக்கி மட்டும் நம்மை வாட்டுவதில்லை. சூடான காற்று மேலேயே நிற்கும். தகரத்தின் அடிப்பக்கச் சூடு கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களாக உச்சந்தலையில் இறங்குகிறது. மின்விசிறி வியர்வையை ஆற்றும். அந்தக் கதிரைத் தடுக்காது.

பழைய வீட்டில் தகரத்தின் இடத்தில் பனையோலை இருந்தது. உருக்கு வெப்பத்தைக் கடத்தும் அளவு 50 என்றால், வைக்கோல் போன்ற உலர்ந்த கூரைக்கு 0.07 அளவுதான். தகரம் அரை மில்லிமீற்றர். ஓலை சாண் கணக்கில் தடிப்பு. நெடுந்தீவில் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய தடித்த சுவரில் மத்தியானச் சூடு உட்பக்கம் வந்துசேர இரவாகிவிடும். அப்போது வீட்டுக்காரர் முற்றத்தில் பாய் விரித்திருப்பார். இதையெல்லாம் தலையில் வைத்துக் கொண்டாட நான் வரவில்லை. ஓலையை இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை மாற்ற வேண்டும், ஒரு பொறி பட்டால் வீடே போகும். முருகைக்கல் அகழ்வதும் இன்று சட்டவிரோதம்.

1990களின் தொடக்கத்தில் போரால் தீவகம் இடம்பெயர்ந்தது. பல வீடுகளில் ஓடு, நிலை, பனஞ்சலாகை எல்லாம் போய்ச் சுவர்தான் எஞ்சியது. திரும்பியவர்கள் அவசரத்துக்குத் தகரமோ அஸ்பெஸ்டஸோ போட்டார்கள். 2018 முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்த அரசு முடிவெடுத்திருந்தது. 2017 டிசெம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதியில் இருந்த ஒரு வண்டைக் காட்டி நம் தேயிலையைத் தடுத்தது. அஸ்பெஸ்டஸை விற்பதும் ரஷ்யாதான், அதனால் அஸ்பெஸ்டஸ் தடை பின்வாங்கப்பட்டது. அதற்குச் சற்று முன்புதான் வடக்குக் கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் வந்தது. இந்த வெயிலுக்கு உருக்கா என்பதும் அப்போது எழுந்த எதிர்ப்புகளில் ஒன்று. அத்தனை வீடுகள் கடைசிவரை எழவில்லை.

இருக்கிற கூரையோடு செய்யக்கூடியது என்ன? பளபளப்பான அலுமினியத் தாள். ஓடு, தகரக் கறள், சீமெந்து எல்லாம் தங்கள் சூட்டில் உமிழக்கூடிய கதிரில் பெரும்பகுதியை உமிழும். சுத்தமான அலுமினியம் அதில் 5 வீதம்கூட உமிழாது. கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு, மினுக்கம் கீழே பார்க்க விரிக்க வேண்டும். மேலே பார்த்தால் ஒரே வருடத்தில் புழுதி மூடி அதன் குணம் போய்விடும். அஸ்பெஸ்டஸில் துளை போடக் கூடாது, அதன் தூசு நெஞ்சுக்கு நஞ்சு. மரச் சலாகையில் ஆணி அடித்தால் போதும். முகட்டடியில் சூடு வெளியேற வழி வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இந்த வழிதான் முக்கியம். யன்னல் எல்லாம் அடைபட்டால் சோளகம் வீசியும் உள்ளே ஒன்றும் நடக்காது. வாடைக்காற்று மாதங்களின் ஈரமோ பஞ்சில் ஊறி எலிக்கு மெத்தையாகும். சுவரின் உச்சியில் காற்றுத்துளைகள் விட்டு, வௌவால் புகாத வலை அடித்துவிட்டால் வீடு தானாக மூச்சு விடும்.

கொங்கிறீற் தட்டுப் போட்டவர்கள் பாடுதான் கஷ்டம். பகல் முழுக்கக் குடித்த சூட்டை அது இரவு பத்து மணிக்கும் படுக்கையில் ஊற்றும். வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் பாதிக்கு மேல் வெயில் திரும்பிப் போகும். ஆனால் ஒவ்வொரு மாரியும் அதைக் கழுவிவிடும். மற்றபடி தட்டுக்கு மேலே நிழல் போடுவதுதான் வழி. மாடி வீட்டுக்காரர் கடைசியில் மொட்டை மாடியில் கிடுகுக் கொட்டில் போட வேண்டியிருக்கும்.