குருவி வருமுன்

பறவை வளர்க்க விழைவார் பலர் முதலிற் பறவையை வாங்கிப் பின்னரே கூடு தேடுகின்றனர். இது பிழைபட்ட முறையாம். பிஞ்ச் எனப்படும் சிறு குருவிகளை முதன்முறை வளர்க்கப் புகுவார் அறியத்தக்கன சிலவற்றை ஈண்டு உரைப்பாம்.

முதற்கண், எக்குருவியைக் கொள்வது? நம் வயல்களில் திரியும் சில்லைகளைப் பிடித்தலும் விற்றலும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகவுடைய ஜீப்ரா பிஞ்சோ தலைமுறை தலைமுறையாகக் கூட்டிலேயே பிறந்து வளர்வது, அதனைக் கொள்ளலாம். இனத்தோடு வாழும் இயல்பினதாகலின், ஒன்றைத் தனியே வைத்தல் ஆகாது.

இனிக் கூடு. இவை கிளிபோற் கம்பி பற்றி ஏறுவன அல்ல, குறுக்காகப் பறப்பன. ஆதலின் உயரத்தினும் நீளம் மிக்க கூடே வேண்டும். கம்பிகளின் இடைவெளி அரை அங்குலத்தின் மிகலாகாது. அடுக்களைப் புகை இவற்றின் நுரையீரலுக்கு நஞ்சாம். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை அறிதற்கு 1986 வரை வைத்திருந்த கானரியும் பிஞ்ச் இனத்ததே.

உணவு தினையும் சாமையும். சுண்ணச் சத்துக்குக் கணவாய் ஓடு. ஈண்டு ஒன்று கருதத்தக்கது. குருவி மணியை உண்டு உமியைக் கிண்ணத்திலேயே விடும். மேலே உமி நிறைந்திருக்க, கிண்ணம் நிறைந்துள்ளதென்று புதியவர் மயங்குவர். குருவியோ பசியால் மாளும். ஆகவே நாடோறும் உமியை ஊதிக் களைந்து தினையிடுக.

ஏறக்குறைய 12 கிராம் எடையுள்ள அச்சிற்றுயிர்க்குப் பூட்டிய கதவின்பின் நம்மையன்றி வேறு துணையில்லை. நாளும் உமி ஊத ஒருப்படாதார் அதனை வாங்காதிருத்தலே அறமாம்.