உறைபனியிலும் உருளும் சைக்கிள்!

“பனிக்காலத்தில் அங்கே வீட்டை விட்டு வெளியே தலை நீட்ட முடியுமா?”

விடுமுறைக்குப் புதுக்கோட்டை வரும்போதெல்லாம் உறவுப் பெண்கள் என்னைக் கேட்கும் முதல் கேள்வி இது. “ஏன், சைக்கிளில்தான் போய் வருகிறேன்” என்றால், கேலி பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் சொல்வது முழுக்க நிஜம்.

நாங்கள் இருப்பது ஃபின்லாந்தின் வட பகுதியில், கடலோரமாக உள்ள ஓவுலு என்ற நகரம். ஜனத்தொகை 2 லட்சத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஆர்க்டிக் வட்டம் இங்கிருந்து சுமார் 170 கிலோமீட்டர்தான். நவம்பரில் விழுகிற பனி ஏப்ரல் வரை தரையில் கிடக்கும். டிசம்பர் கடைசியில் சூரியன் காலை பத்தரை மணி வாக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு மணிக்கெல்லாம் படுக்கப் போய்விடும். மைனஸ் 10 டிகிரி என்பது சாதாரணம். மைனஸ் 25 வந்தால்தான் கடையில் அதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

இவருக்கு டெலிபோன் கருவிகள் செய்கிற கம்பெனியில் வேலை. 2019-ல் வந்தோம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இருக்கிற ஒரு காரையும் இவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். எனக்கோ வாரத்தில் ஐந்து நாள் மொழி வகுப்பு, போக 4 கிலோமீட்டர், வர 4 கிலோமீட்டர். பையனுக்கு 2 கிலோமீட்டரில் பள்ளிக்கூடம். இந்த நாட்டில் சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி 5 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால்தான் சர்க்கார் செலவில் வண்டி. மற்றப் பிள்ளைகள் நடந்தோ சைக்கிளிலோ போய்க்கொள்ள வேண்டியதுதான். ஆக, சைக்கிள் இல்லையென்றால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நான் அந்த நாலு சுவருக்குள், ஜன்னல் வழியே இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்து மனசு சோர்ந்துபோன பெண்களை இங்கே எனக்குத் தெரியும்.

“உனக்கு ரொம்பத் தைரியம்” என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படியொன்றும் தனித் தைரியம் கிடையாது. இங்கே எண்பது வயதுப் பாட்டியும் ஏழு வயதுக் குழந்தையும் போகிறார்கள். மெட்சோகங்காஸ் என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூடம். சுமார் 1200 பேர் படிக்கிறார்கள். மைனஸ் 17 டிகிரியிலும் அவர்களில் ஏறக்குறைய ஆயிரம் பேர் சைக்கிளில் வந்திறங்கியதைப் படம் பிடித்து, அது உலகமெல்லாம் சுற்றியது. ஆயிரம் குழந்தைகளும் வீராதிவீரர்களா என்ன? விஷயம் பாதையில் இருக்கிறது.

இந்த நகரத்தில் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டுமான பாதை 900 கிலோமீட்டருக்கும் மேல். கார் போகிற ரோட்டின் ஓரத்தில் வெள்ளைக் கோடு கிழித்து விட்ட பாதை அல்ல. தனியாக, மரங்களுக்கு நடுவே, ஆற்றோரமாகப் போகிறது. பெரிய சாலை குறுக்கிட்டால் அதற்கு அடியில் சுரங்கப் பாதை. வீட்டிலிருந்து வகுப்புக்குப் போகும்வரை நான் காரைக் கடப்பது ஒரே இடத்தில்தான். அம்மாக்களுக்கு இது எத்தனை பெரிய நிம்மதி என்று சொல்லித் தெரிய வேண்டுமா!

அடுத்து, பனி தள்ளுவது. முக்கியமான சைக்கிள் பாதைகளைக் காலை 7 மணிக்குள் தள்ளி முடித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நான் அடுப்பில் பால் வைக்கிற நேரத்தில் மஞ்சள் விளக்கு சுழல ஒரு வண்டி ஜன்னலுக்கு வெளியே போகும். அதன் இரும்புத் தகடு மேலே கிடக்கிற புதுப் பனியை ஒதுக்கிவிட்டு, அடியில் இறுகின பனியைச் சீப்பால் வாரின மாதிரி வரி வரியாக விட்டுப் போகும். மேலே பொடி ஜல்லி தூவுவார்கள். அவ்வளவுதான். கறுப்புத் தார் தெரிகிற வரைக்கும் சுரண்டுவதில்லை.

“உப்புப் போட்டு உருக்கிவிட்டால் என்ன?” என்று நான்கூடக் கேட்டேன். ஐஸ்கிரீம் வாளியில் ஐஸ்கட்டியோடு உப்பைப் போடுவோமே, அதே வித்தைதான்; உப்புப் பட்டால் ஐஸ் உருகும். ஆனால் குளிர் மைனஸ் 15, 20 என்று இறங்கும்போது சாதாரண உப்பு வேலை செய்வதில்லை. பனி அரைகுறையாக இளகிச் சேறாகிவிடும். நல்ல குளிரில் இறுகிக் கிடக்கிற பனியோ சொரசொரப்பாக, மிதிக்க மிதிக்க ‘நறுக் நறுக்’ என்று சத்தம் போட்டுக்கொண்டு டயரைப் பிடித்துக்கொள்ளும்.

அதனால் நான் பயப்படுவது மைனஸ் 20-க்கு அல்ல, பூஜ்யம் டிகிரிக்கு! பகலில் கொஞ்சம் உருகி, ராத்திரி மறுபடி உறைந்தால், பாதை எண்ணெய் கொட்டின தரையைவிட மோசம். அன்றைக்கு ஆணி டயர்தான் கதி. டயரின் மேல் கெட்டி உலோக முனை வைத்த சின்னச் சின்ன ஆணிகள் பதித்திருக்கும்; ஐஸைக் குத்திப் பிடிக்கும். இரண்டு டயருக்கும் பணம் இல்லையென்றால் முன் டயருக்கு மட்டுமாவது போட வேண்டும் என்பார்கள். பின் சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் ஆள் கீழேதான். ஐஸ் மேல் திரும்பும்போது வண்டியைச் சாய்க்கவும் கூடாது, சட்டென்று பிரேக் பிடிக்கவும் கூடாது.

வண்டியைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தது எதிர் வீட்டு மும்மோ. மும்மோ என்றால் இவர்கள் பாஷையில் பாட்டி. கியர் கியராக அடுக்கின வண்டி வேண்டாம், பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிரேக் பிடிக்கிற பழைய மாடல் வாங்கு என்றார். உறைவதற்குப் பிரேக் கம்பியே கிடையாதல்லவா! தினமும் ராத்திரி வண்டியை வெதுவெதுப்பான வீட்டுக்குள் கொண்டு வராதே என்றும் சொன்னார். ஒட்டியிருக்கிற பனி உருகிச் சந்து பொந்தெல்லாம் தண்ணீராக இறங்கும். மறுநாள் வெளியே போனதும் உறைந்து, பெடல் சும்மா சுற்றும். பூட்டில் இரண்டு சொட்டு பூட்டு எண்ணெய் விட வேண்டும். விளக்கின் பேட்டரி குளிரில் சீக்கிரம் தளர்ந்துவிடும். அதை மட்டும் கழற்றி வீட்டுக்குள் கொண்டு வந்துவிடுவேன். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் 2020 முதல் இங்கே சட்டப்படி கட்டாயம்.

இனி உடுப்பு. இங்கேதான் நம் பெண்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

சும்மா நிற்கும்போது மைனஸ் 15 என்றால், சைக்கிளில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்று அடித்து, தோலுக்கு அது சுமார் மைனஸ் 23 மாதிரி இருக்கும். அதற்காக மூட்டை மூட்டையாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. குளிர் ஒரு எதிரி என்றால் வியர்வை அதைவிடப் பெரிய எதிரி. வாசலில் நிற்கும்போது லேசாக ‘ஜில்’லென்று இருக்க வேண்டும், ஐந்து நிமிஷம் மிதித்ததும் உடம்பு தானாகச் சூடாகிவிடும். உள்ளே பருத்தி பனியன் போட்டால் வியர்வையைக் குடித்துவிட்டு ஈரத் துணியாக முதுகில் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு அருமையான பருத்தி இங்கே ஆகாது. உடம்போடு மெல்லிய கம்பளி, அதன் மேல் ஒரு ஸ்வெட்டர், மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். கைக்கு ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கிற உறையைவிட, நாலு விரலும் சேர்ந்திருக்கிற உறை நல்லது. ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக்கொள்ளும், ஒரே பாயில் படுக்கிற குழந்தைகள் மாதிரி! ஷூ ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப் போகும்.

நகை விஷயம் ஒன்று. தோடு, ஜிமிக்கி, மூக்குத்தி எல்லாம் உலோகம். குளிரை நேரே சதைக்குள் கடத்தும். மைனஸ் 10-க்குக் கீழே போனால் தோட்டைக் கழற்றி வைத்துவிடுவேன். மூக்குத்தி கழற்ற மனசு வராது, அதை மஃப்ளருக்குள் மூடிக்கொள்வேன். தாலிச் சங்கிலி உள் பனியனுக்கும் மேலே, ஸ்வெட்டருக்குக் கீழே. முகத்துக்குக் கனமாக க்ரீம் அப்பிக்கொண்டால் குளிர் தாக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. அதை நம்பாதீர்கள், துணி மூடினால்தான் காப்பு. கன்னத்திலோ மூக்கு நுனியிலோ வெள்ளையாகத் திட்டு விழுந்து உணர்ச்சி இல்லாமல் போனால், அது உறைய ஆரம்பிக்கிற அடையாளம். தேய்க்கவே கூடாது. வெறும் உள்ளங்கையை மெள்ள அதன் மேல் வைத்துச் சூடு காட்டிவிட்டு, உடனே ஏதாவது கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

இதெல்லாம் எனக்கு. பையன் சங்கதி வேறு. அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே இளைப்பு.

ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது புதுக்கோட்டையிலிருந்து அம்மா போனில் அழாத குறை. “ஏம்மா, நெஞ்சுல சளி கட்டுற புள்ளைய அந்தக் குளிர்ல சைக்கிள்ல அனுப்புறியா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?” இத்தனைக்கும் அம்மாவே சைக்கிள்காரிதான்! 1991, 92-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்களே, அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். அந்தச் சமயத்தில் அப்பாவின் பெரிய சைக்கிளில் சேலையைச் செருகிக்கொண்டு பழகினவள். “நீ கத்துக்கிட்டப்போ ஊரே சிரிச்சுதே, நீ விட்டியாம்மா?” என்றேன். “நான் வெயில்ல ஓட்டினேன்டி” என்று பதில் வந்தது. அது நியாயமான பதில்தான்; எனக்கே உள்ளூர உதறல்.

டாக்டரிடம் அழைத்துப் போனோம். குளிர்ந்த, வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கும் என்று பொறுமையாக விளக்கினார். போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளம்புவதற்குக் கால் மணி முன்னால் இன்ஹேலர் மருந்தை இழுக்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக் குழாய் மாதிரித் துணி போட வேண்டும். வெளியே விடுகிற மூச்சின் சூடும் ஈரமும் அதில் தங்கி, உள்ளே போகிற காற்றை இளக்கிக் கொடுக்கும். முதல் ஐந்து நிமிஷம் மெதுவாக மிதிக்க வேண்டும். மைனஸ் 15-க்குக் கீழே இறங்கினால் அவனுக்குச் சைக்கிள் கிடையாது. இது எங்கள் பையனுக்கு டாக்டர் போட்ட கணக்கு. ஒவ்வொரு குழந்தைக்கும் மாறும், அவரவர் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். மூச்சுப் பட்டுப் பட்டு அந்தத் துணி பள்ளிக்கூட வாசலில் பலகை மாதிரி விறைத்துவிடும். பையில் மாற்றுத் துணி ஒன்று எப்போதும் வைத்து அனுப்புகிறேன்.

முதல் வாரம் அவன் பின்னாலேயே நானும் மிதித்துப் போனேன். எட்டாம் நாள், “அம்மா, யாரோட அம்மாவும் வர்றதில்லை” என்றான். விட்டுவிட்டேன். பள்ளி போய்ச் சேர்ந்ததும் போனில் ஒரு மணி அடித்து வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. அந்த மணி வருகிற வரைக்கும் நான் காப்பியைத் தொடுவதில்லை. மைனஸ் 15-க்குக் கீழே போகிற நாளில் இவர் காரில் கொண்டு விடுவார். “என் ஃபிரெண்ட் எல்லாம் சைக்கிள்ல வர்றான், நான் மட்டும் கார்ல” என்று அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

இப்போது அவனுக்குப் பதினொன்று. இத்தனை பனிக்காலத்திலும் சைக்கிளால் அவனுக்கு இளைப்பு வந்து பள்ளி தவறினது கிடையாது. உண்மையில் எங்களுக்குக் கஷ்டம் வருவது பனி போன பிறகு! ஏப்ரலில் பனி உருகினதும், குளிர்காலமெல்லாம் தூவின பொடி ஜல்லி காய்ந்து, புழுதியாகக் கிளம்பும். பொடி பட்டு டயர் பஞ்சர் ஆவது ஒரு பக்கம். அந்தப் புழுதியில் பையன் இருமுவது மறு பக்கம். தண்ணீர் தெளித்துப் பெருக்கும் வண்டி தெருத் தெருவாக வந்து முடிக்கச் சில வாரம் ஆகும். அதுவரை அவன் பெரிய சாலைப் பக்கம் போகாமல், ஆற்றோரப் பாதையில் அரை கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போகிறான்.