பிரேக் ஏமாற்றினால் எங்கே எழுத வேண்டும்?

பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்குகிறது, டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்து அணைகிறது. அமெரிக்காவில் கனரக பிக்கப் வைத்திருப்பவர்களில் பலர் அப்போது செய்வது, பிரேக் ஆயிலை ஊற்றிக்கொண்டு மறுபடி டிரெய்லரை மாட்டுவதுதான். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் சற்றுக் குறையும், உண்மை. ஆனால் சட்டென்று குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

ஒழுகல் சில நேரம் தரையில் தெரியாது. 2016இல் ஃபோர்டு நிறுவனம் 2013, 2014 மாடல் எஃப்-150 பிக்கப்புகளில் சுமார் 2,71,000 வண்டிகளை ரீகால் செய்தது, அதாவது பழுது நீக்கத் திரும்ப அழைத்தது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கசிந்த ஆயில் பிரேக் பூஸ்டருக்குள் போனது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட விழாமலே முன்சக்கர பிரேக் பலமிழக்கலாம்.

குளிர்மாநிலங்களில் சாலைப் பனியைக் கரைக்கத் தூவும் உப்பு இன்னொரு ஆபத்து. அது இரும்பு பிரேக் குழாய்களை அரிக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் 1999 முதல் 2003 வரையிலான பிக்கப், எஸ்யூவிகளில் குழாய் துருப்பிடித்து வெடிப்பதாகப் புகார்கள் குவிந்தன. என்.எச்.டி.எஸ்.ஏ. என்ற மத்திய வாகனப் பாதுகாப்பு அமைப்பு 2010இல் விசாரணை தொடங்கி, 2015 ஏப்ரலில் ரீகால் இல்லாமலே முடித்துக்கொண்டது. அடிப்பாகத்தைக் கழுவுங்கள், குழாய்களைச் சோதியுங்கள் என்பதுதான் உரிமையாளர்களுக்குக் கிடைத்த அறிவுரை. ஐந்து ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு இது போதுமான பதிலா? அரசு பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருப்பவர்கள் இந்த விசாரணையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

டீலரிடம் வாய்மொழியாகச் சொல்வது புகார் ஆகாது. திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஆகாது. புகாரை என்.எச்.டி.எஸ்.ஏ. இணையதளத்தில் பதிய வேண்டும், அல்லது 888-327-4236 என்ற எண்ணில் சொல்ல வேண்டும். வண்டியின் 17 இலக்க அடையாள எண் கட்டாயம் கையில் இருக்கட்டும். ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலும் கதவுச் சட்டத்திலும் அது இருக்கும். சம்பவம் நடந்த தேதி, அப்போதைய வேகம், ஓடிய மைல், வண்டியில் இருந்த பாரம், டிரெய்லர் மாட்டியிருந்ததா, பெடல் எப்படி இருந்தது, விபத்து என்றால் காவல்துறை அறிக்கை எண் எல்லாவற்றையும் எழுத வேண்டும். "பிரேக் சரியில்லை" என்ற ஒற்றை வரியை வைத்து யாரும் எதையும் விசாரிக்க முடியாது. இந்த அமைப்பு தனி ஒருவருக்கு நஷ்டஈடு வாங்கித் தராது. ஒரே பழுது பலரிடமிருந்து பதிவாகும்போதுதான் விசாரணைக்கு வழி பிறக்கும். விசாரணை கேட்டு யார் வேண்டுமானாலும் மனுவும் கொடுக்கலாம்.

சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் வேலை ரசீது வாங்குங்கள். சொன்ன குறையை அதில் எழுதச் சொல்லுங்கள். "குறை எதுவும் தென்படவில்லை" என்று அவர்கள் எழுதினாலும் அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். கைக்காசு போட்டுப் பழுது பார்த்த பின் ரீகால் வந்தால், பணத்தைத் திரும்பக் கேட்க அந்த ரசீதுதான் ஆதாரம். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். புதிய வண்டி என்றால், திரும்பத் திரும்பப் பழுதாகும் வண்டிக்கு மாற்றோ பணமோ தரச் சொல்லும் மாநில லெமன் சட்டம் உதவலாம். ஆனால் சில மாநிலங்கள் வாகன எடைக்கு வரம்பு வைத்திருக்கின்றன. கனரக பிக்கப் அந்த வரம்புக்குள் வருகிறதா என்று மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ரீகால் பழுதுக்குக் காசு கிடையாது. முதல் உரிமையாளர் வாங்கி 15 ஆண்டுக்குள் அறிவிப்பு வந்திருந்தால் இலவசமாகச் செய்துதர வேண்டியது உற்பத்தியாளரின் சட்டக் கடமை. டீலர் மறுத்தால் முதலில் உற்பத்தியாளருக்கும், அதன் பிறகு என்.எச்.டி.எஸ்.ஏ.வுக்கும் எழுதுங்கள். விளம்பரத் தபால் என்று நினைத்து ரீகால் கடிதத்தைக் குப்பையில் போடும் வழக்கம் இனியாவது ஒழியட்டும்.

பழைய பிக்கப் வாங்குபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ரீகால் பழுது நீக்காத பழைய வண்டியை டீலர் விற்பதை மத்தியச் சட்டம் தடுக்கவில்லை. 35 வண்டிகளுக்கு மேல் வைத்திருக்கும் வாடகை நிறுவனங்களுக்கு மட்டும் 2016 முதல் தடை இருக்கிறது. எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வண்டியின் 17 இலக்க எண்ணை என்.எச்.டி.எஸ்.ஏ. இணையதளத்தில் இட்டுப் பாருங்கள். பிறகு வண்டியை லிப்டில் ஏற்றச் சொல்லி, பிரேக் குழாய்களின் முழு நீளத்திலும் துரு இருக்கிறதா என்று ஒரு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.